தேய்ந்த என்ஜினுக்கு நைட்ரஸா, ரிங் வேலையா?

லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய பெட்ரோல் காரில் சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது இழுவை போதவில்லை என்றால், என்ஜினுக்குள் செலுத்தி இழுவையைக் கூட்டும் வாயுவான நைட்ரஸ் ஆக்சைடைப் (நைட்ரஸ்) பொருத்துவதா, என்ஜின் வேலை பார்ப்பதா என்பதைக் கம்ப்ரஷன் சோதனையில் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். அழுத்தம் குறைந்த சிலிண்டரில் சிறிது ஆயில் விட்டதும் அளவு ஏறினால், பிஸ்டனைச் சுற்றி அழுத்தம் கசியாமல் அடைக்கும் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில் கசிவு. நைட்ரஸ் சுமார் 300 டிகிரி செல்சியஸில் சிதைந்து கூடுதல் ஆக்சிஜனைத் தருவதால், அதற்கேற்ற பெட்ரோல் சேராவிட்டால் பிஸ்டனே உருகிவிடக்கூடும். பெட்ரோலையும் சேர்த்துத் தெளிக்கும் வகை ஓரளவு பாதுகாப்பானது என்றாலும், ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்து, என்ஜின் வேகமாகச் சுழலும்போது மட்டுமே அதைத் திறக்கலாம். ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் அதற்கு இடமேது? ரிங்கையும் வால்வையும் சரிசெய்தால் இழந்த இழுவை எல்லா வேகத்திலும் கிடைக்கும். தேய்ந்த என்ஜினுக்கு நைட்ரஸை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.