தலைக்கேற்ப வளையும் பிரஷ்: எது வளைகிறது, எது வளைவதுபோல் இருக்கிறது

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டது. பேச்சும் குழறுகிறது. அன்றிலிருந்து அவளுக்குத் தலை வாரிவிடுவது என் வேலை. முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்தது. என் தலையை நானே வாரும்போது சீப்பு எங்கே அதிகமாக அழுத்துகிறது என்று தலைத்தோல் உடனே சொல்லிவிடும், கை தானாக இளகிவிடும். இன்னொருவர் தலையை வாரும்போது அந்தச் சேதி கைக்கு வருவதே இல்லை. அவர் முகம் சுளித்த பிறகுதான் தெரியவருகிறது. காலையில் பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று பிள்ளைக்கு இரட்டைச் சடை போடும் தாயின் கைக்கும் இதே நிலைதான். பிள்ளையாவது "ஆ, வலிக்குது" என்று கத்தும்.

அதனால்தான் தலையின் வளைவுக்கேற்பத் தானே இளகிக்கொடுக்கும் பிரஷைத் தேட ஆரம்பித்தேன். பிளாஸ்டிக் அச்சு வடிவமைப்பது என் தொழில் என்பதால், தேடல் வாங்குவதோடு நிற்கவில்லை. கடையில் கிடைத்த வகைகளையும் நானே அச்செடுத்துப் பார்த்த மாதிரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பெரியவர் ஒருவரின் தலைச் சுற்றளவு 56 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரு உருண்டையாக எண்ணினால் ஆரம் ஏறக்குறைய 9 செ.மீ. அதன்மேல் 8 செ.மீ. அகலமுள்ள தட்டையான பிரஷை வைத்தால், நடுப் பற்கள் தோலைத் தொடும்போது ஓரப் பற்கள் 9 மி.மீ. உயரத்தில் தொங்கும். அகலம் 6 செ.மீ. என்றால் இடைவெளி 5 மி.மீ. 3 செ.மீ. என்றால் ஒரு மி.மீ.க்குச் சற்று மேல். அகலம் பாதியானால் இடைவெளி காற்பங்காகிறது என்ற இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஆனால் உண்மையான தலை உருண்டையும் அல்ல. உச்சி கொஞ்சம் தட்டை, காதுக்குப் பின்னால் மேடு, மண்டையின் பின்புற மேட்டுக்குக் கீழே பிடரி உள்வாங்கிப் போகிறது. உள்வாங்கிய இடத்தில் கதை தலைகீழ்: ஓரப் பற்கள் முதலில் குத்தும், நடுப் பற்கள் தொடாது.

சோதனைக்கு 3-ஆம் எண் கால்பந்து ஒன்று வாங்கினேன். பிள்ளைகள் ஆடும் அளவு அது. சுற்றளவு 58 முதல் 60 செ.மீ., பெரியவர் தலைக்கு மிக அருகில். அதன்மேல் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியைப் போர்த்தி, பிரஷின் பல் நுனிகளைக் குங்குமத்தில் தொட்டு ஒரே ஒரு முறை அழுத்தி எடுத்தால் போதும். எந்தப் பல் தொட்டது, எது அதிகம் அழுத்தியது என்பது துணியில் புள்ளிகளாக நிற்கும். கெட்டியான தட்டைப் பிரஷ் விட்ட தடம் நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத்தான் இருந்தது. அத்தனை பற்கள் இருந்தும் வேலை செய்தவை அந்த நாணயத்துக்குள் இருந்தவை மட்டும். அம்மாவின் தலையில் நான் கொடுத்த அழுத்தம் முழுவதும் அந்தச் சின்ன வட்டத்தில்தான் இறங்கியிருக்கிறது.

காற்று மெத்தையும் இரட்டை அடுக்குப் பல்லும்

போட்டியில் மூத்தது காற்று மெத்தை. லண்டனில் மேசன் பியர்சன் 1885-இல் உருவாக்கிய வடிவம். ரப்பர் மெத்தை, அடியில் காற்று, மெத்தையில் நட்ட பற்கள். இத்தனை காலம் இது தாக்குப்பிடித்ததற்கு நியாயமான காரணம் இருக்கிறது. மெத்தையின் விளிம்பு சட்டத்தோடு பிணைந்திருப்பதால், அழுத்தும்போது நடுப்பகுதி அதிகமாக இறங்கும், ஓரம் குறைவாக இறங்கும். மேடான தலைக்கு வேண்டியதும் அதுதான். அதோடு மெத்தை குழியும்போது அதில் நட்ட பற்களும் உள்நோக்கிச் சாய்ந்து, தலைத்தோலை நேருக்கு நேராகப் பார்க்கின்றன. குங்குமத் தடம் அகலமாக, ஓரம்வரை வந்தது. நடு மட்டும் சற்று அடர்த்தி.

காற்றறை முழுக்க மூடியிருந்தால் அந்த அடர்த்தியும் குறையும். மூடிய அறைக்குள் இருக்கும் காற்று எல்லாப் பக்கமும் ஒரே அளவில்தான் அழுத்தும். ஓரிடத்தில் அமுங்கினால் மற்ற இடம் கொஞ்சம் எழும்பும். ஆனால் கடையில் கிடைக்கும் பெரும்பாலான மெத்தைப் பிரஷ்களில் காற்று போக ஒரு சின்னத் துளை விட்டிருப்பார்கள். அந்தத் துளை வந்துவிட்டால் வேலை செய்வது காற்று அல்ல, ரப்பரின் விறைப்பு மட்டும்தான். துளை வழியே தண்ணீரும் உள்ளே போகும், கழுவிவிட்டுக் கவிழ்த்துக் காயவைக்காவிட்டால் நாற்றம் அடிக்கும். நம் வீடுகளுக்கு இன்னொரு சிக்கல்: எண்ணெய். இயற்கை ரப்பர் எண்ணெயை உறிஞ்சி உப்பும், பிசுபிசுக்கும். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் தடவிய தலையைத் தினமும் வாருகிறவர்கள் இதை மனதில் வைத்துத்தான் வாங்க வேண்டும். பிடரியில் இந்த வகை தோற்கிறது. விளிம்பு அசையாது, மெத்தையால் உள்ளே குழிய முடியுமே தவிர வெளியே புடைக்க முடியாது.

அடுத்தது இரட்டை அடுக்குப் பல். டேங்கிள் டீசர் என்றால் பலருக்குத் தெரியும். ஷான் புல்ஃப்ரி என்ற முடிதிருத்தும் கலைஞர் கொண்டுவந்தது. 2007-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் முதலீட்டு நிகழ்ச்சி ஒன்றில் எல்லா முதலீட்டாளர்களும் கைவிரித்த பொருள், பிறகு உலகம் முழுக்க விற்றது. நீளப் பல்லும் குட்டைப் பல்லும் மாறி மாறி, எல்லாம் வளையும் பிளாஸ்டிக்கில். நீளப் பல் முடிக்குள் புகுந்து சிக்கைப் பிரிக்கும், குட்டைப் பல் மேலாக நீவிவிடும்.

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள், விளம்பரங்களும் குழப்புகின்றன. "வளையும் பல்" என்றால் தலையின் வடிவத்துக்கு வளைகிறது என்று பொருள் கொள்கிறோம். உண்மையில் அந்தப் பல் பக்கவாட்டில்தான் வளைகிறது, உயரத்தில் குறைவதில்லை. பக்கவாட்டு வளைவு உதவுவது சிக்கின் இழுப்புக்கு: முடிச்சு வந்ததும் பல் சாய்ந்து நழுவிவிடும், முடியின் வேர் பிழைக்கும். அது பெரிய உதவி, நான் மறுக்கவில்லை. வேர்க்காலைச் சுற்றித்தான் நரம்பு நுனிகள் பின்னியிருக்கின்றன, இழுப்பின் வலி அங்கேதான் பிறக்கிறது. ஆனால் 9 மி.மீ. உயர வித்தியாசத்தை அந்தப் பல்லால் ஈடுகட்ட முடியாது. சிக்குக்கு வளைவது வேறு, தலைக்கு வளைவது வேறு.

பல் எவ்வளவு இளகும் என்பதை நிர்ணயிப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரே தடிமனில் நீளத்தை இரட்டித்தால் பல் எட்டு மடங்கு எளிதாக வளையும். உருண்டைப் பல்லின் தடிமனை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் விறைப்பு பாதிக்குக் கீழே போய்விடும். அச்சில் ஒரு மயிரிழை பிசகினாலும் பிரஷின் குணமே மாறிவிடும் என்பது என் தொழிலில் நான் கண்ணால் பார்த்தது. பார்க்க ஒன்றுபோல் இருக்கும் மலிவு நகல்கள் தலையைக் கீறுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

டென்மன் பிரஷைப் பற்றியும் கேட்பார்கள். 1938-இல் தொடங்கிய அதன் பழைய வடிவத்தின் முகம் வெளியே புடைத்த அரைவட்டம், அதாவது தலையும் மேடு, பிரஷும் மேடு. முடியைக் காயவைத்து வடிவம் கொடுப்பதற்கான கருவி அது, இந்த ஒப்பீட்டில் அதை நிறுத்துவது நியாயமில்லை. ஒன்றை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்: ரப்பர் தட்டு தனியே கழன்று வரும், கழுவ எளிது. கழற்றிக் கழுவுவது புது யோசனையும் அல்ல. நியூயார்க்கில் வாழ்ந்த லைடா நியூமன் என்ற கறுப்பினப் பெண் 1898-லேயே, பற்கள் தனியே கழலும், காற்று புகும் பிரஷுக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்.

முதுகே வளைந்தால்?

பல்லை விட்டுவிட்டு, பற்களைத் தாங்கும் முதுகை வளையவிட்டால் என்ன? சுருள்முடிக்காரர்களுக்காக வரும் சில பிரஷ்களில் பல் வரிசைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனி விரல்கள்போல் இருக்கும். முதுகில் நீள நீளமாகத் திறப்புகள். கையில் எடுத்து அமுக்கினால் நன்றாகவே வளையும். ஆனால் ஒரு திசையில் மட்டும். தேங்காயைச் செய்தித்தாளில் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் படிந்தால் மறுபக்கம் மடிப்பு விழும். தலையும் அப்படித்தான், நெற்றியிலிருந்து பிடரிக்கு ஒரு வளைவு, காதிலிருந்து காதுக்கு இன்னொரு வளைவு. ஒரு திசையில் வளையும் முதுகு தேங்காயோடு பாதி தூரம்தான் போகும்.

மீன் துடுப்பிலிருந்து வந்த ஒரு உபாயமும் உண்டு. துடுப்பைப் பக்கத்திலிருந்து விரலால் தள்ளினால் அது விலகிப் போகாமல் தள்ளும் விரலை நோக்கியே வளையும். 1997-இல் ஜெர்மானியர் லைஃப் க்னீஸே கவனித்த விஷயம். இப்போது ரோபோக்களின் பிடிவிரல்களில் பயன்படுகிறது. அதே அமைப்பில் ஒரு பிரஷ் முதுகை அச்செடுத்தேன். பந்தின் மேல் அழகாகக் கவிந்தது, பார்க்கவே மகிழ்ச்சி. சிக்கில் மாட்டியபோதுதான் குறை தெரிந்தது: முடிச்சின் எதிர்ப்பையும் அது தலை என்றே எண்ணி, முடிச்சைக் கவ்விக்கொள்ளப் பார்த்தது. அதை அம்மாவின் தலைக்குக் கொண்டுபோகவில்லை.

ஒவ்வொரு பல்லுக்கும் தனி ஸ்பிரிங் வைப்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை, எனக்கும்தான். விரைவில் கைவிட்டேன். பல் மேலும் கீழும் போய்வர அதன் துளையில் கொஞ்சம் இடைவெளி வேண்டும். தலைமுடியின் தடிமனோ ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். இடைவெளிக்குள் முடி நுழையும், எண்ணெயும் தூசியும் சேர்ந்து பிசினாகும், ஸ்பிரிங் நின்றுவிடும். அதைவிட மோசம், நுழைந்த முடி பிடுங்கப்படும்.

நுகத்தடி

விடை காரின் முன்கண்ணாடியில் இருந்தது. வளைந்த கண்ணாடியில் வைப்பர் எப்படி ஓரம்வரை ஒட்டித் துடைக்கிறது? பழைய வகை வைப்பரைக் கழற்றிப் பாருங்கள். நடுவில் ஒரு தண்டு, அதன் இரு முனையிலும் ஆடும் சிறு தண்டுகள், அவற்றின் முனைகளில் ரப்பர். ஒரு முனை மேடேறினால் மறுமுனை இறங்கும், சுமை பங்கிடப்படும். இரண்டு மாட்டுக்கு இடையில் நுகத்தடி செய்வதும் அதேதான்: ஒரு மாடு பின்தங்கினால் நுகம் சாயும், இழுவை இரண்டுக்கும் பகிரும்.

எல்லா வகையையும் பார்த்த பிறகு நான் நிற்பது இந்தப் பக்கம். 6 செ.மீ. அகலத்தை 2 செ.மீ. வீதம் மூன்று பட்டைகளாகப் பிரித்து, நுகத்தடிபோல் ஆடும் தண்டுகளில் மாட்டினேன். முன்பு சொன்ன கணக்கு இங்கே வருகிறது: 2 செ.மீ. பட்டையில் நடுவுக்கும் ஓரத்துக்கும் வித்தியாசம் அரை மி.மீ.தான், அதைப் பல்லின் கீழுள்ள மெல்லிய சிலிக்கோன் மெத்தையே பார்த்துக்கொள்ளும். பட்டைகளுக்கு இடையிலான உயர வித்தியாசத்தை நுகம் பார்த்துக்கொள்ளும். நீளவாக்கிலும் ஒவ்வொரு பட்டையும் நடுவில் இரண்டாகப் பிரிந்து ஆடும். ஆக இரண்டு திசை வளைவுக்கும் இடம் கிடைத்தது. குங்குமத் தடத்தில் ஆறு சிறு தீவுகள், ஏறக்குறைய ஒரே நிறத்தில். காற்று மெத்தையின் தடத்தைவிட இதில் தொடாத இடம் அதிகம், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்தத் தீவும் மற்றதைவிட அடர்த்தியாக இல்லை. வலி வருவது தொடாத இடத்தில் அல்ல, அதிகம் தொட்ட இடத்தில்.

சென்சார் வைத்த பிரஷ்களையும் சொல்லாமல் விடக்கூடாது. 2017-இல் முடிப் பராமரிப்பு நிறுவனமான கேராஸ்டாஸும் உடல்நலக் கருவிகள் செய்யும் விதிங்ஸும் சேர்ந்து ஒன்றைக் காட்டின. அழுத்தத்தை அளக்கும், ஓசையைக் கேட்கும், அளவு மீறினால் அதிர்ந்து எச்சரிக்கும். இன்னொருவர் தலையை வாருகிறவருக்குக் குறையும் அந்தச் சேதியைக் கைக்குத் திருப்பித் தருவதால் அந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடிக்கும். எண்ணெய்த் தலையிலும் தண்ணீரிலும் தினம் புழங்கும் பொருளுக்குள் மின்கலத்தை வைப்பதுதான் தயக்கம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிலும் ஹார்வர்டிலும் இருந்த ஆய்வாளர்கள் ரோபோ கையால் தலைவாரிப் பார்த்தபோது அவர்களுடைய கணக்கு சொன்னதை எந்தப் பிரஷோடும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்: வேரிலிருந்து இழுக்காதே, நுனியில் தொடங்கு, சிறு சிறு வீச்சாக மேலேறு. என் ஆத்தா, பெரியம்மாவின் பிள்ளைகளுக்குச் சிக்கெடுத்ததும் அப்படித்தான்.

யாருக்கு எது என்று கேட்டால்: தன் தலையைத் தானே வாருகிறவருக்கு, நீள முடியில் சிக்கு மட்டுமே தொல்லை என்றால், இரட்டை அடுக்குப் பல் போதும். எண்ணெய் வைக்காத மெல்லிய முடிக்குக் காற்று மெத்தை. படுத்திருக்கும் ஒருவருக்கு, அல்லது வலியைச் சொல்லத் தெரியாத குழந்தைக்கு வாருகிறவர்கள் என்ன வாங்கினாலும் அகலமானதை வாங்காதீர்கள், 3 செ.மீ.க்குள் நிறுத்துங்கள். நுகத்தடிப் பிரஷ் கடையில் கிடைக்கும்வரை அதுவே பாதி வேலையைச் செய்துவிடும்.

என் மாதிரியில் மூன்றாவது இப்போது ஓடுகிறது. முதலாவதில் ரப்பர் இணைப்பு ஒரே மாதத்தில் எண்ணெய் குடித்து உப்பியது. இரண்டாவதில் பட்டைகளின் இடுக்கில் முடி மாட்டியது. மூன்றாவதில் இடுக்குகளின் மேல் சிலிக்கோன் தோல் போர்த்தியிருக்கிறேன், முழுதாகத் தண்ணீரில் முக்கிக் கழுவலாம். உச்சி, பக்கம், காதுக்குப் பின்மேடு எல்லாவற்றிலும் அம்மா கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறாள். பிடரிக்கு வந்ததும் இடக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துகிறாள். அங்கே பிரஷை வைத்துவிட்டு விரலால்தான் கோதிவிடுகிறேன்.