போல்ட்டா, வெல்ட்டா? கொழும்பில் ஓடும் காருக்கு எந்த ரோல் கேஜ்

பழைய ஹொண்டா சிவிக் ஒன்றை வைத்திருக்கும் நண்பன் போன மாதம் கேட்டான்: “மச்சான், கேஜ் போடத்தான் போறன். போல்ட்டா, வெல்ட்டா?” நான் திருப்பிக் கேட்டேன்: “வெள்ளிக்கிழமை கோயிலுக்கு எந்தக் காரில போறாய்?” அதே சிவிக்தான். பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள். ரோல் கேஜ் என்பது கார் கவிழ்ந்தாலோ அடிபட்டாலோ ஆளைக் காக்க உள்ளே பூட்டும் இரும்புப் பைப் கூடு. அதன் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

கண் முன்னால் மூன்று தெரிவுகள் இருக்கின்றன. அரைக் கேஜ் என்பது முன் சீட்டுகளுக்குப் பின்னால் ஒரு பெரிய வளையம், அதிலிருந்து பின்னுக்கு இறங்கும் இரண்டு தாங்கு பைப்கள், மொத்தம் நான்கு கால். ஆறு கால் கேஜில் விண்ட்ஸ்கிரீன் ஓரமாக ஏறிக் கதவுக்கு மேலால் ஓடும் பைப்களும் கதவுக் குறுக்குப் பைப்களும் சேரும். இவை இரண்டையும் போல்ட் போட்டுப் பூட்டலாம். மூன்றாவது, முழுக் கேஜையும் காரின் உடலோடு வெல்ட் வைத்து ஒன்றாக்கிவிடுவது.

தெருவில் ஓடும் காருக்கு ஆறு கால் கேஜ் வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காலி வீதியில் பக்கவாட்டில் ஒரு பஸ் முட்டினால், சாதாரண சீட் பெல்ட் தோளைப் பிடிக்கும், தலையைப் பிடிக்காது. தலை போகும் இடத்தில் இரும்புப் பைப் நிற்கும். ரேஸில் அதே பைப் உயிரைக் காப்பதற்குக் காரணம், ஓட்டுபவர் ஹெல்மெட் போட்டு, உடம்பை அணைத்துப் பிடிக்கும் பக்கெட் சீட்டில், ஹார்னஸ் என்ற பல பட்டி ரேஸ் பெல்ட்டால் இறுகக் கட்டப்பட்டிருப்பதுதான். பைப்பைச் சுற்றிப் போடும் ஃபோமுக்கும் தரம் உண்டு. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதியில் அது 8857-2001. அதுவும் ஹெல்மெட் படக்கூடிய இடத்துக்கென்று கேட்கப்படுவது. ஏசி பைப்புக்குச் சுற்றும் கறுப்பு ரப்பர் அந்த வேலையைச் செய்யாது. புதிய கார் என்றால் கூரை ஓரத்திலிருந்து விரியும் ஏர்பேக்கின் வழியையும் இந்தப் பைப்கள் அடைத்துவிடும்.

அரைக் கேஜ் அவ்வளவு ஆபத்தானது அல்ல, வளையம் தலைக்குப் பின்னால் இருக்கிறது. கார் கவிழ்ந்தால் கூரையைத் தாங்கும், ஹார்னஸ் கட்ட நல்ல இடம் தரும். ஆனால் பின் சீட் போய்விடும். தாங்கு பைப்கள் அந்த இடத்துக்குள்ளால்தான் இறங்குகின்றன. பிள்ளைகளை அங்கே இருத்தவே கூடாது. பக்கத்திலிருந்து வரும் அடிக்கும் அரைக் கேஜ் பெரிதாக எதுவும் செய்யாது.

இனி ரேஸ் பக்கம் வருவோம். கட்டுக்குருந்த ஓடுபாதையின் வேகம் ஒரு மாதிரி, தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில்லின் கிரவல் இன்னொரு மாதிரி, நுவரெலியா மகாகஸ்தோட்ட மலையேற்றத்தில் மண்மேடும் மரமும் பாதை ஓரத்திலேயே நிற்கும். அங்கெல்லாம் கதவுப் பக்கம் அடி விழலாம். அரைக் கேஜோடு அங்கே போவதற்கு என் மனம் ஒப்பாது. ஆறு கால்தான், கதவுப் பைப்களோடும் வளையத்துக்குள் ஒரு மூலைவிட்டப் பைப்போடும். எதற்கும் நீங்கள் ஓடப்போகும் பிரிவின் இந்த வருட விதிப் புத்தகத்தை முதலில் வாசியுங்கள், அதற்குப் பிறகு பைப் வாங்கலாம்.

சரி, போல்ட்டா வெல்ட்டா? போல்ட் என்றால் காரை வெட்டவோ ஒட்டவோ தேவையில்லை என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. பிரதான வளையத்தின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் குறைந்தது 3 மில்லிமீற்றர் தடிப்பும் 120 சதுர சென்ரிமீற்றர் பரப்பும் கொண்ட தகடு வேண்டும், அது உடலோடு வெல்ட் வைக்கப்பட வேண்டும் என்கிறது எஃப்.ஐ.ஏ. விதி. அந்த வளையத்தின் ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது மூன்று போல்ட், எம்8 அளவு (8 மில்லிமீற்றர்), 8.8 என்ற வலிமைத் தரம். காரின் அடித்தகரம் ஒரு மில்லிமீற்றர்கூட வராது. தகடு இல்லாவிட்டால், கவிழும்போது கேஜின் கால் அந்தத் தகரத்தைக் குத்திக்கொண்டு கீழே இறங்கிவிடும். ஒரு கராஜில் என் கண்ணாலேயே பார்த்தேன்: கார்ப்பெட்டைத் தூக்கினால் வெறும் தகரத்தில் துளை, அதில் போல்ட், அடியில் ஒரு வாஷர். அந்தக் காரில் இன்னொரு குடும்பத்துப் பிள்ளை ரேஸ் ஓடிக்கொண்டிருந்தான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தகட்டோடு சரியாகப் பூட்டிய போல்ட் கேஜ் நம் ஊருக்கு நல்ல நடுவழி. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் பழைய கார்களின் விலை எங்கே போனது என்பது எல்லோருக்கும் தெரியும். நல்ல கார் ஒன்றை ரேஸுக்கு மட்டுமென்று ஒதுக்கிவிட இங்கே எல்லோராலும் முடியாது. போல்ட் கேஜ் என்றால் பிறகு கழற்றலாம், விற்கலாம்.

வெல்ட் கேஜின் பலம் வேறு. கூரைத் தூண்களோடும் சஸ்பென்ஷன் மேற்பகுதியோடும் பைப்பைச் சேர்த்துவிட்டால் உடல் முறுக்குவது குறையும், வளைவில் கார் கையோடு வரும். ஆனால் வேலை பெரியது. டாஷ்போர்ட், வயரிங், கண்ணாடி எல்லாம் வெளியே வர வேண்டும். வெல்டிங் தொடங்குமுன் பேட்டரியையும், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவையும் கழற்ற வேண்டும். கூரையோடு ஒட்டி வரும் மூட்டுகளின் மேற்பக்கத்துக்கு வெல்டிங் டோர்ச் எட்டாது. வேலை தெரிந்த வெல்டிங் பாஸ் என்றால் அடித்தளத்தில் துளை வெட்டி, கேஜைக் கீழே இறக்கி, மேற்பக்கத்தை வெல்ட் வைத்து, மறுபடி உயர்த்தி, அடியில் பெட்டி வைத்து மூடுவார். தெரியாதவர் முன்பக்கம் மட்டும் வெல்ட் வைத்துப் பெயின்ட் அடித்துவிடுவார். ஒரு சிறு கண்ணாடியைக் கூரைக்கும் பைப்புக்கும் இடையில் நுழைத்துப் பாருங்கள். மூட்டைச் சுற்றி முழு வட்டமும் வெல்ட் ஓடியிருக்க வேண்டும்.

பைப் விஷயத்தில் ஒப்பிடவே எதுவும் இல்லை, நீளவாக்கில் பொருத்து இல்லாத சீம்லெஸ் கார்பன் ஸ்டீல் ஒன்றுதான். எஃப்.ஐ.ஏ. அளவில் பிரதான வளையத்துக்கு 45 மில்லிமீற்றர் விட்டம் 2.5 தடிப்பு, அல்லது 50க்கு 2. மற்றப் பைப்களுக்கு 38க்கு 2.5 அல்லது 40க்கு 2. பழைய சோனகத் தெருவில் ஒன்றரை இஞ்சி ஜி.ஐ. பைப் கேட்டால் வெளிவிட்டம் 48 மில்லிமீற்றருக்குக் கிட்ட வரும், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் அது தண்ணீர் ஓடச் செய்த பைப். நீளவாக்கில் பொருத்து உண்டு, மேலே உள்ள நாகப்பூச்சு வெல்டில் குமிழி விடும், புகையும் உடம்புக்குக் கேடு. குரோமியமும் மொலிப்டினமும் கலந்த எஃகான குரோமொலி பைப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். எடை குறைக்கலாம், உண்மை. ஆனால் அதற்கு டிக் வெல்டிங்கில் நல்ல கைத்தேர்ச்சி வேண்டும். வெல்ட் பிழைத்துப்போனால் மூட்டுக்குப் பக்கத்திலேயே வெடிப்பு விழும். நம்முடைய வேகங்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை.

எடைக் கணக்கு சின்னது. 45 மில்லிமீற்றர் பைப் மீற்றருக்கு 2.6 கிலோ அளவில் வரும். அரைக் கேஜ் இருபது கிலோவைத் தாண்டும், முழுக் கேஜ் அதைப்போல இரு மடங்கு. அப்புறம் கடற்காற்று. வெள்ளவத்தையில் நிற்கும் காருக்கு வெல்ட் வைத்த இடங்களில் பெயின்ட்டும் சீலரும் போடாவிட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் துரு தெரியும். காப்புறுதி நிறுவனத்துக்கும் வேலை தொடங்குமுன்னரே எழுத்தில் அறிவித்துவிடுங்கள்.

நண்பன் இரண்டு வாரம் யோசித்தான். சிவிக்கை அப்படியே விட்டுவிட்டான், பிள்ளைகளின் பின் சீட்டோடு. இப்போது ரேஸுக்கென்று ஒரு பழைய நிசான் மார்ச் தேடுகிறான். காட்டும் ஒவ்வொரு காரிலும் முதல் வேலையாகக் கார்ப்பெட்டைத் தூக்கி, வளையத்தின் கால் வரப்போகும் இடத்தைக் கையால் தட்டிப் பார்க்கிறான்.