24 கம்ப்யூட்டர், ஒரே லேப், நாலு வாத்தியார்: வெயான் போட்டுப் பார்த்த கதை

நான் ஒரு தனியார் பள்ளியில கம்ப்யூட்டர் லேப் பாத்துக்குறேன். பாத்துக்குறதுன்னா ஏசி ரிமோட் தேடுறது, மௌஸ் பந்தயம் விடுற பசங்கள வெரட்டுறது எல்லாம் சேத்துத்தான். 24 டெஸ்க்டாப்பு, கம்ப்யூட்டர் சார், இங்கிலீஷ் டீச்சர், தமிழ் டீச்சர், சனிக்கிழமை ஆனா துணைப்பாட வகுப்பு வாத்தியார், எல்லாருக்கும் அதே ரூமுதான். அரசாங்கப் பள்ளின்னா கல்வி அமைச்சு செட்டப்பு, நம்ம இஷ்டத்துக்கு எதையும் இன்ஸ்டால் பண்ண முடியாது, உயர்நிலைப் பிள்ளைங்க கையில ஆளுக்கொரு டிவைஸும் வந்தாச்சு. எங்க எடத்துல இன்னும் லேப்தான், அதனால இந்த ரிவ்யூ எங்கள மாதிரி ஆளுங்களுக்கு.

டீச்சர் ஒரே மெஷின்ல இருந்து லேப்ல இருக்க எல்லா ஸ்கிரீனையும் பாத்து, பூட்டி, வகுப்ப நடத்துற சாஃப்ட்வேர் வேணும்னு, மொதல்ல காசு கட்டி வாங்குற ஒண்ணுக்கு கொட்டேஷன் கேட்டோம். மெஷினுக்கு இவ்வளவு, வருஷா வருஷம் கட்டணும்னாங்க. பிரின்சிபல் பேப்பரப் பாத்துட்டு அப்படியே மடிச்சு வச்சுட்டாரு. அப்பதான் அதே வேலைய செய்யுற வெயான் பக்கம் வந்தேன். முன்னாடி ஐடால்க்னு ஒண்ணு இருந்துச்சுல்ல, அதுல இருந்து வந்ததுதான் இது. ஓப்பன் சோர்ஸ், ஓசி, விண்டோஸ்லயும் லினக்ஸ்லயும் ஓடும். மேக், ஐபேட் வச்சிருக்கவங்க இதோட நிறுத்திக்கலாம், ஒங்களுக்கு இது ஆகாது.

டீச்சர் மெஷின்ல மாஸ்டர்னு ஒரு புரோகிராம். தொறந்தா 24 ஸ்கிரீனும் சின்னச் சின்ன கட்டமா தெரியும். கட்டத்த இழுத்து நம்ம லேப் உக்காந்திருக்க மாதிரியே அடுக்கிக்கலாம், இது சின்ன விஷயம் மாதிரி தோணும் ஆனா ஜன்னலோரம் மூணாவது பையன் என்ன பண்றான்னு ஒடனே கண்ணு போகும். நான் ஒவ்வொரு மெஷினுக்கும் லேப்-01, லேப்-02ன்னு பேரு வச்சு அதே நம்பர மானிட்டர்ல ஸ்டிக்கராவும் ஒட்டிட்டேன். இத செய்யாம இன்ஸ்டால் பண்ணாதீங்க, அப்புறம் யாரு எந்த கட்டம்னு தேடியே ஒரு பீரியட் போயிடும்.

எல்லாரும் வேவு பாக்கத்தான் இதுன்னு நெனக்கிறாங்க. எனக்கு அதுல அவ்வளவு ஆசையில்ல. நெசமா ஒதவுறது லாக் பட்டனும் டெமோவும்தான். ஒரு கிளிக்ல 24 ஸ்கிரீனும் பூட்டிக்கும், கீபோர்டு மௌஸ் எதுவும் வேலை செய்யாது, பசங்க தலைய நிமிர்ந்து டீச்சர பாப்பாங்க, வேற வழியில்லையே. எங்க தமிழ் டீச்சர் அதுக்கு முன்னாடி பீரியட்டுக்கு நாலஞ்சு தடவ தொண்ட கிழிய கத்துவாங்க. இப்ப "தம்பி, இந்த ஒரு பட்டனுக்கே ஒனக்கு கோப்பி வாங்கித் தரலாம்டா"ன்னாங்க. இன்னும் வாங்கித் தரல, அது வேற. டெமோல டீச்சர் ஸ்கிரீன் எல்லார் ஸ்கிரீன்லயும் அப்படியே தெரியும், புரொஜெக்டர் பல்பு போனாலும் கவலையில்ல. சத்தம் மட்டும் போகாது, வீடியோ போட்டுக் காட்டணும்னா ஸ்பீக்கர் தனியா வேணும். அப்புறம் வயர்ல ஓடுற நெட்வொர்க்கா இருந்தா நல்லது, வைஃபைல இத்தனை மெஷினுக்கு டெமோ அனுப்புனா தெணறத்தான் செய்யும்.

இப்ப நான் பண்ண கூத்து. வெயான்ல ரெண்டு சாவி ஃபைல் இருக்கு, ப்ரைவேட்டு பப்ளிக்கு. பப்ளிக் சாவி பசங்க மெஷின்ல, ப்ரைவேட் சாவி டீச்சர் மெஷின்ல மட்டும். ப்ரைவேட் சாவி யார் கையில இருக்கோ அவன்தான் அந்த ரூமுக்கே ராஜா. நான் சோம்பேறித்தனமா ஒரு மெஷின்ல மாஸ்டரு, ரெண்டு சாவி எல்லாத்தையும் போட்டு, சாவி ஃபைல யார் வேணா படிக்கலாம்னு வேற விட்டு, அந்த மெஷினோட முழு நகலையும் (இமேஜ்) அப்படியே 24லயும் க்ளோன் பண்ணிட்டேன். நாலாவது நாளு தொடக்கநிலை அஞ்சு பையன் ஒருத்தன் மாஸ்டர தொறந்து பக்கத்து சீட்டுப் பையனோட ஸ்கிரீன பூட்டி பூட்டித் தொறக்குறான், "அங்கிள், இது என்ன கேம்? சூப்பரா இருக்கு"ன்னு என்கிட்டயே கேக்குறான்! பழைய சாவிய தூக்கிப் போட்டுட்டு புது ஜோடி செஞ்சு, பசங்க மெஷின்ல மாஸ்டர் இல்லாம திரும்ப இன்ஸ்டால் பண்ணேன். இன்ஸ்டால் பண்ணும்போதே மாஸ்டர் வேணாம்னு எடுத்துடலாம், ஒரு மெஷின்ல செட்டிங்க முடிச்சு அத ஜேசன் ஃபைலா எடுத்து மத்ததுல ஏத்திக்கலாம், இத மொதல்லயே படிச்சிருந்தா என் ஞாயித்துக்கெழம மிஞ்சியிருக்கும். ஃபயர்வால்ல, அதாவது வெளியில இருந்து வர்ற இணைப்ப தடுக்குற காவல்ல, வெயானுக்கான 11100 போர்ட்டையும் தொறந்து வைங்க, அது அடைபட்டிருந்தா கட்டம் எதுலயும் படம் வராது.

வெயான் செய்யாத வேலையும் சொல்லிடறேன். பசங்க செட்டிங்க மாத்துறத அது தடுக்காது, அதுக்கு ரீஸ்டார்ட் பண்ணா பழைய நெலைக்கே போற மாதிரி ஒரு சாஃப்ட்வேர் தனியா வேணும். நாங்க வச்சிருக்கோம். அதுலயும் நான்தான் மாட்டுனேன். தமிழ் டீச்சருக்காக 24 மெஷின்லயும் ஒக்காந்து தமிழ்99 கீபோர்டும், இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா தமிழ்ல வர்ற கீபோர்டும் சேத்தேன், ஆனா அந்தப் பாதுகாப்ப நிறுத்திட்டு சேக்கணும்ங்கறத மறந்துட்டேன். மறுநாள் காலையில கட்டுரை வகுப்பு, ஒரு மெஷின்ல கூட தமிழ் இல்ல. டீச்சர் என்ன பாத்த பார்வை இருக்கே. இப்ப டி டிரைவ மட்டும் பூட்டாம விட்டிருக்கேன், பசங்க கட்டுரை எல்லாம் அங்கதான் சேவ்.

இன்டர்நெட்ட மட்டும் நிறுத்துற வசதிக்கு தனியா காசு கட்டி ஆட்-ஆன் வாங்கணும், நாங்க வாங்கல. காலையில இங்கிருந்தே எல்லா மெஷினையும் ஆன் பண்ணலாம், அதுக்கு ஒவ்வொண்ணோட மேக் அட்ரஸும் (நெட்வொர்க் கார்டோட அடையாள எண், ஆப்பிள் மேக் இல்ல) எழுதி வைக்கணும், பயாஸ்லயும் (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற செட்டிங்) அந்த வசதிய ஆன் பண்ணியிருக்கணும். ஒரு தடவ செஞ்சா போதும்.

பிள்ளைங்க ஸ்கிரீன பாக்குறோம்ங்கறத அவங்ககிட்டயும் அப்பா அம்மாகிட்டயும் சொல்லிட்டேன், கதவுலயும் எழுதி ஒட்டியிருக்கேன். சனிக்கிழமை பெரியவங்க லேப்டாப்போட வந்தா அதுல இத போடுறதில்ல. வேணும்னா பாக்குறதுக்கு முன்னாடி உக்காந்திருக்கவர்கிட்ட அனுமதி கேக்குற மாதிரியும் வச்சுக்கலாம்.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். அந்த ஒண்ணு ஏன் கொறஞ்சுதுன்னா மொத நாள் செட்டப்பு, நெட்வொர்க் கொஞ்சமாவது தெரியாதவங்க தனியா எறங்காதீங்க, தெரிஞ்ச ஆள கூட வச்சுக்குங்க.

பசங்களும் சும்மா இல்ல. போன வாரம் ஒரு கட்டம் திடீர்னு கறுப்பாச்சு, போய்ப் பாத்தா பின்னாடி லேன் வயர உருவி விட்டுட்டு ஆஃப்லைன் கேம் ஓடுது. சிம் லிம் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தொகுதியில ஒரு பாக்கெட் கேபிள் டை வாங்கி எல்லா வயரையும் மேசைக் காலோட சேத்துக் கட்டிட்டேன். கத்தரிக்கோல் கொண்டு வர்றானான்னு பாப்போம்.