என் கொழுப்பை எனக்கே விற்றார்கள்

தைராய்டு அறுவைக்குப் பிறகு குரல் காற்றாகப் போய், தண்ணீர் குடித்தால் புரையேறுகிறவர்கள் எங்கேயும் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் வாழை மண்டியில் ஏலம் கூறுகிறவன். தைராய்டு கட்டியை எடுத்த மறுநாள் வாயைத் திறந்தால் வெறும் காற்று. குரல்வளைக்குப் போகும் நரம்பு தைராய்டை ஒட்டியே ஓடுகிறது. அது அடிபட்டதில் இடப்பக்கக் குரல் நாண் அசையாமல் நின்றுவிட்டது. இரண்டு நாண்களும் நடுவில் வந்து சேர்ந்தால்தான் சத்தம் பிறக்கும்.

மூன்றாம் மாதம் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். "உங்கள் வயிற்றுக் கொழுப்பில் ஸ்டெம் செல், அதாவது வேறு செல்களாக மாறக்கூடிய மூலச் செல், இருக்கிறது. அதை எடுத்து ஏற்றினால் நரம்புக்கு உயிர் வந்துவிடும், ஆயுளுக்கும் கவலையில்லை" என்றார் கோட்டு போட்டிருந்த ஒருவர். அவர் மருத்துவரே இல்லை, பேச்சுவார்த்தைக்கு வைத்த ஆள் என்பது பிறகுதான் தெரிந்தது. 1,80,000 ரூபாய். மண்டி முதலாளியிடம் முன்பணம் வாங்கிக் கட்டினேன். "உங்கள் கொழுப்புக்கு இவ்வளவு விலையா?" என்று வீட்டில் கேட்டதற்குக் கூடச் சிரித்தேன்.

மயக்கம் கொடுத்துத் தொப்புளருகே கொழுப்பை உறிஞ்சி எடுத்து நாணில் ஏற்றினார்கள். சில வாரம் கரகரப்பு, பிறகு நல்ல குரல். ஊசி போட்ட நான்காம் மாதம் பழையபடி காற்று. போய்க் கேட்டால், "உங்கள் உடம்பு ஏற்கவில்லை, இன்னொரு முறை போடலாம்" என்கிறார்கள். அதற்கும் தனிக் கட்டணம்.

அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டை மருத்துவர்தான் உட்கார வைத்து விளக்கினார். கொழுப்பு ஊசி ஏமாற்று வேலை இல்லையாம். 1991 முதலே மருத்துவ இதழ்களில் வந்திருக்கிற சிகிச்சை. அது நாணைப் பருமனாக்கி நடுவுக்குத் தள்ளும், நரம்பைப் பிழைக்க வைக்காது. ஏற்றியதில் ஒரு பகுதியை உடம்பு கரைத்துவிடும். எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால்தான் முதலிலேயே கொஞ்சம் கூடுதலாக ஏற்றுவார்கள். நரம்பு தானாகவே மீளலாம் என்பதால் நிரந்தர அறுவைக்குப் பெரும்பாலும் ஓராண்டு வரை காத்திருப்பார்கள். அதுவரை குரல் பயிற்சி, தேவையானால் சில மாதங்களில் கரையும் ஜெல் ஊசி. மீளாவிட்டால் குரல்வளைக் குருத்தெலும்பில் சிறு சன்னல் திறந்து சிலிக்கோன் துண்டு வைக்கலாம். 1974இல் ஜப்பானிய மருத்துவர் இஸ்ஷிகி விவரித்த முறை. நோயாளியைப் பேச வைத்துக் கேட்டுக்கொண்டே அளவு சரிசெய்வார்கள். இதில் ஒரு வரியாவது எனக்கு அங்கே சொல்லப்பட்டதா?

ஸ்டெம் செல் சங்கதி இன்னும் மோசம். ரத்தம் சார்ந்த சில நோய்களைத் தவிர மற்றவற்றுக்கு, அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே அதைக் கொடுப்பது முறையற்றது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது.

பில்லில் "ஸ்டெம் செல் சிகிச்சை" என்று போட்டிருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் "வயிற்றுக் கொழுப்பு ஊசி" மட்டும்தான். இரண்டையும் நகலெடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுத்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும், காகிதங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இப்போது மண்டியில் மைத்துனர் மகன் ஏலம் கூறுகிறான். நான் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிறேன்.