மான்கொம்பா, முடவாட்டுக்காலா? கடலூர் வெயிலுக்கு எந்தப் பெரணி

மரத்தில் தொற்றி வளரும் பெரணி (ஃபெர்ன்) வேண்டுமென்றால் நர்சரியில் முதலில் எடுத்துக் காட்டுவது மான்கொம்புப் பெரணியைத்தான். ஆஸ்திரேலியக் கிழக்குக் காடுகளின் செடி. பலகையில் கட்டிச் சுவரில் மாட்டினால் அழகுதான். முடவாட்டுக்காலை யாரும் தோட்டச் செடியாக நினைப்பதில்லை. கொல்லிமலையில் சூப்புக்கு விற்கும் கிழங்கு, அவ்வளவுதான். இரண்டையும் வளர்த்துப் பார்த்தபின் நான் சொல்வது, நம் ஊருக்கு அந்தக் கிழங்கே முதலில்.

இரண்டுக்கும் பிழைப்பு ஒன்றுதான். மரத்தை உறிஞ்சுவதில்லை, பிடித்துக்கொள்ள இடம் மட்டும் கேட்கும். பச்சை இலை தனி. அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பு இலை தனி. உதிரும் சருகையும் ஈரத்தையும் பிடித்துவைப்பது அந்தப் பழுப்பு இலைதான். காய்ந்துபோனது என்று நினைத்து மான்கொம்பில் அதை நான் பிய்த்தெடுத்தேன்; செடி தேற ஒரு வருடம் ஆனது. தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள்.

வித்தியாசம் கோடையில் தெரியும். சித்திரை முற்றும்போது முடவாட்டுக்கால் பச்சை இலைகளை உதிர்த்துவிட்டு, ஆட்டுக்கால் போல ரோமம் மூடிய தண்டோடு உறங்கிவிடும். செத்துவிட்டதென்று தூக்கி எறிய வேண்டாம். ஆடி, ஆவணியில் சாயங்கால இடிமழை நாலு விழட்டும், சுருட்டிய பச்சைக் குருத்து எட்டிப் பார்க்கும். மான்கொம்புக்கு அந்த உறக்கம் கிடையாது. வெயில் படாத சுவர் வேண்டும். கோடையில் பலகையோடு வாளியில் கால் மணி நேரம் முக்க வேண்டும். உப்பேறிய போர் தண்ணீர் வெள்ளையாகப் படியும், மழைநீர் பிடித்து வைத்தால் நல்லது. ஐப்பசி அடைமழையிலோ தாழ்வாரத்துக்குள் மாற்றாவிட்டால் அடி கறுத்து அழுகும்.

ஒரு விஷயத்தில் மான்கொம்பு உசத்தி. புயல் எச்சரிக்கை வந்தால் பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிடலாம். 2011 தானே புயலில் இங்கே பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மரத்தில் கட்டிய முடவாட்டுக்கால் மரத்தோடு போகும்.

பறவைக்கூட்டுப் பெரணியை நான் சிபாரிசு செய்யமாட்டேன், அனல்காற்றில் அதன் அகல இலை கருகிவிடுகிறது.

முடவாட்டுக்கால் வாங்கும்போது முனையில் பச்சை மொட்டு உள்ள துண்டாகப் பாருங்கள். காட்டில் போய்ப் பெயர்த்து வராதீர்கள். மாமரத்தின் சொரசொரப்பான கவட்டையில் தேங்காய் நார் வைத்து, அதன்மேல் கிழங்கைப் படுக்கவைத்து, பழைய வேட்டிக் கிழிசலால் கட்டுங்கள். மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். கட்டு நைந்து விழுவதற்குள் வேர் பட்டையைப் பிடித்திருக்கும்.