கடை வண்டியா, பட்டறை வண்டியா, இறக்குமதியா? மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு மூன்று சக்கர சைக்கிள்

வேலூரில் தெரபிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோர் நாலு பேர் சேர்ந்தால், "மூணு சக்கர சைக்கிள் வாங்கலாம்னு இருக்கோம், எது நல்லது?" என்ற பேச்சு வந்துவிடும். என் மகளுக்கு நாலரை வயது. இரண்டு கால்களிலும் இறுக்கம், கைகள் ஓரளவு நன்றாக வேலை செய்யும். அவளுக்காகத் தேடியபோது விலையை வைத்து ஒப்பிடுவதை முதலிலேயே விட்டுவிட்டேன். வண்டி நகர்வது பிள்ளையின் சொந்தக் காலாலா? இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எல்லாவற்றையும் பார்க்கிறேன். பின்னாலிருந்து நாம் தள்ளித்தான் ஓடும் என்றால் அது இன்னொரு தள்ளுவண்டி. அது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

பஜாரில் சில ஆயிரத்துக்குள் கிடைக்கும் பொம்மை டிரைசைக்கிளில் முன்சக்கரத்திலேயே பெடல் இருக்கும். மிதிப்பதும் திருப்புவதும் ஒரே சக்கரம் என்பதால், ஒரு கால் மற்றதைவிட பலமாக மிதித்தால் ஹேண்டிலும் கூடவே திரும்பிக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் பாதித்த பிள்ளை இதில் நேராகப் போகவே பெரும்பாடு. பிளாஸ்டிக் சக்கரம் மணலில் சுற்றும், வண்டி நகராது. நடக்கவும் ஓடவும் முடிந்து, லேசான தடுமாற்றம் மட்டும் உள்ள பிள்ளைக்கு இதுவே போதும். அந்த வீட்டில் அதற்கு மேல் செலவு வேண்டாம்.

சாதாரண சைக்கிளில் பக்கச் சக்கரம் மாட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சீட் உயரம், அடிப்பாகம் குறுகல். ஒரு பக்கமாகச் சாயும் பிள்ளை திருப்பத்தில் கவிழ்ந்துவிடும்.

அரசு முகாமில் தரும் மூன்று சக்கர வண்டியைப் பலர் எதிர்பார்க்கிறார்கள். அது கையால் சுற்றி ஓட்டும் பெரிய வண்டி, சின்னப் பிள்ளையின் உடம்புக்கு ஏற்றதல்ல. ஆனால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மூளை முடக்குவாதமும் இடம்பெற்றிருக்கிறது. உட்கார வைப்பதற்கான சிறப்பு நாற்காலி அரசுத் திட்டத்தில் உண்டு, அதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். சைக்கிளுக்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

அப்புறம் மிச்சம் இரண்டு: நம் ஊர்ப் பட்டறையில் செய்வது, வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது. யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

ரிஃப்டன் போன்ற அமெரிக்க வண்டிகளில் எல்லாம் யோசித்து வைத்திருக்கிறார்கள். முதுகைப் பிடிக்கும் சாய்வு, பக்கவாட்டுத் தாங்கி, இடுப்பு பெல்ட், பாதத்தைக் கட்டும் தட்டு என்று எல்லாமே நகர்த்திப் பொருத்திக்கொள்ளும்படி வரும். பிள்ளை வளர வளர மாற்றிக்கொள்ளலாம். ஆம்ட்ரைக் என்ற வகையில் சிலதை கையாலும் காலாலும் ஒரே நேரத்தில் ஓட்டலாம். கால் பலவீனமான இடத்தில் கை உதவும். குறை என்னவென்றால், கப்பல் செலவும் சுங்க வரியும் சேர்ந்தால் லட்சத்தைத் தாண்டும். ஒரு பட்டை அறுந்தாலும் உதிரி பாகத்துக்குக் காத்திருக்க வேண்டும். எடையும் கூட. மாடி வீட்டில் இருப்பவர்கள் யார் தூக்கி இறக்குவது என்று முதலில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

பட்டறை வண்டி என்று நான் சொல்வது பின்சக்கரத்துக்குச் செயின் போகும் மூன்று சக்கர சைக்கிளை வாங்கி, பிள்ளையின் அளவுக்கு மாற்றுவது. திருப்புவது முன்சக்கரம், ஓட்டுவது பின்சக்கரம், இரண்டும் தனித்தனி. இதனாலேயே பொம்மை வண்டியைவிட இது பல மடங்கு மேல். காற்றடிக்கும் டயர் போடலாம். காட்பாடியோ ராணிப்பேட்டையோ, எந்த வெல்டிங் பட்டறையிலும் இந்த வேலைக்குக் கை இருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று நாம் தெளிவாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

முக்கியமாக, ஃப்ரீவீல் (மிதிக்காதபோதும் சக்கரத்தைத் தனியே ஓடவிடும் பற்சக்கரம்) வேண்டாம். சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் பெடலும் நின்றுவிடும். இறுக்கமான கால் சுற்றின் உச்சியிலோ அடியிலோ போய் அப்படியே மாட்டிக்கொள்ளும். சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றும்படி இருந்தால், வண்டியின் வேகமே காலை அந்த இடத்திலிருந்து தாண்டவைக்கும். இதை எங்கள் மெக்கானிக்கிடம் சொன்னபோது, "இன்னாம்மா, இறக்கத்துல பெடல் நிக்காதே, கொழந்த காலு தாங்குமா?" என்றார். "அதுக்குத்தாண்ணே கை பிரேக் வேணும்ங்கறேன்" என்றேன். அவர் கேட்டது சரியான கேள்வி. பிரேக் இல்லாமல் இந்த மாற்றத்தைச் செய்யவே கூடாது. மரையில் ஏறும் ஃப்ரீவீலுக்கு வெறுமனே வெல்டிங் வைத்தால் பின்னோக்கி மிதிக்கும்போது கழன்றுவிடும்; பற்சக்கரத்தை அச்சோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். பின்சக்கரம் இரண்டையும் அச்சில் இறுக்கிவிட்டால் திருப்பத்தில் வண்டி மல்லுக்கட்டும். ஒன்று மட்டும் இழுக்கட்டும், மற்றது சும்மா சுற்றட்டும்.

கிராங்க் (பெடலைத் தாங்கிச் சுற்றும் கம்பி) சிறியதாக வேண்டும். சுற்று சிறுத்தால் முழங்காலும் இடுப்பும் மடங்க வேண்டிய அளவு குறையும். பெடல் மிகத் தூரத்தில் இருக்கும்போதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். முழுக்க நீண்டால் கால் விறைத்துக்கொள்ளும். அளவெடுக்கும்போது பிள்ளைக்கு ஸ்பிளிண்டும் (காலுக்குக் கட்டும் தாங்கி) ஷூவும் போட்டே எடுங்கள். பாதத் தட்டில் குதிகாலுக்கு ஒரு தடுப்பும் மேலே வெல்க்ரோ பட்டையும் வேண்டும். தொடைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் பிள்ளைக்கு சீட்டின் முன்னால் நடுவில் ஒரு மெத்தையான தடுப்பு வேண்டும். சீட் குழாயை நீளமாக விட்டால் வளரும்போது ஏற்றிக்கொள்ளலாம்.

பின்னால் தள்ளுகம்பி வைப்பதும் நல்லதுதான், சாலையில் கடிவாளம் நம் கையில் இருக்கும். ஆனால் அதைப் பிடித்தவுடன் நம்மை அறியாமல் தள்ளத் தொடங்கிவிடுவோம். பிள்ளை மிதிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொடுங்கள். அந்த நேரம் நீளமாகத்தான் இருக்கும்.

பட்டறையால் முடியாததும் உண்டு. தலையும் முதுகும் நிற்காத பிள்ளைக்குத் தாங்கியின் கோணம் ஒரு விரல் தவறினாலும் உடம்பு கோணலாகச் சரியும். பிள்ளைகளின் இயக்கத்தை ஒன்று (லேசானது) முதல் ஐந்து (கடுமையானது) வரை நிலையாகப் பிரிக்கும் ஜி.எம்.எஃப்.சி.எஸ். முறை 1997இல் வந்தது; உங்கள் பிள்ளை எந்த நிலை என்று தெரபிஸ்ட் சொல்வார். என் கணிப்பில் இரண்டு, மூன்று நிலைகளுக்குப் பட்டறை வண்டிதான் முதல் தேர்வு. நாலாவது நிலைக்கு, கடன் வாங்காமல் முடியுமானால் இறக்குமதி. முடியாதவர்கள் தெரபிஸ்ட்டைப் பட்டறைக்கே கூட்டிப் போகப் பாருங்கள், அல்லது வண்டியைத் தெரபிக்குக் கொண்டுபோய் அங்கேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது நிலையில் முதலில் நல்ல இருக்கை, சைக்கிள் அப்புறம்.

இந்த விஷயத்தில் நம் ஊர் கொடுத்துவைத்த ஊர். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையின் மறுவாழ்வு மையம் 1966 முதல் இருக்கிறது. அந்தத் துறையைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ், விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகு சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். உட்கார்ந்திருக்கும் உடம்புக்கு என்ன வேண்டும் என்று கேட்க ஆள் இருக்கும் ஊரில், கேட்காமல் வாங்குவானேன்? இடுப்பு மூட்டு விலகியிருக்கிறதா என்று எக்ஸ்ரே பார்த்த பிறகே மிதிக்க விடுங்கள். வலிப்பு வரும் பிள்ளை என்றால் அதையும் சொல்லுங்கள். ஹெல்மெட் எல்லோருக்கும் கட்டாயம்.

என் மகள் ஓட்டுவது பட்டறை வண்டி. மெதுவாகத்தான் போகிறாள், ஆனால் எங்கே போவது என்று அவளே முடிவு செய்கிறாள். தெருப் பிள்ளைகளும் அவள் உயரத்துக்கே நின்று பேசுகிறார்கள். சித்திரை, வைகாசியில் மட்டும் மாலை ஐந்துக்கு மேல்தான் வெளியே எடுக்கிறோம். ரெக்சின் சீட்டும் இரும்புக் கம்பியும் அந்த வெயிலில் தோலைச் சுடும், சொல்லத் தெரியாத பிள்ளை சொல்லாது. சீட்டுக்குப் பருத்தித் துணியில் உறை தைத்துப் போடுங்கள், கைப்பிடியில் ரப்பர் ஏற்றுங்கள்.