சீக் ஆப்: ஏழு புள்ளிகளை நிரப்பும் ஆட்டம்

பிள்ளைகளை வெளியே நடக்க வைக்கும் போன் விளையாட்டு என்றதும் முதலில் வரும் பெயர் போகிமான் கோ. நடக்க வைப்பது உண்மைதான். ஆட்டத்தில் கிடைக்கும் முட்டை பொரிய 2, 5, 10 கிலோமீட்டர் என்று கால் தேய நடந்தே ஆக வேண்டும். ஆனால் போகிற வழியில் நிற்கும் மரத்துக்கும் அந்த ஆட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மரத்தையே வெட்டிவிட்டாலும் போகிமான் என்ற கற்பனை உயிர் அங்கே வந்து நிற்கும். கேமராவில் காட்டும் செடி, பூச்சி, விலங்கின் பெயரைச் சொல்லும் செயலியான சீக்கில் அது நடக்காது. கேமரா முன்னால் உயிருள்ள ஏதாவது ஒன்று இருந்தால்தான் ஆட்டமே தொடங்கும்.

சீக் 2018-இல் வந்தது. ஐநேச்சுரலிஸ்ட் குழுவின் தயாரிப்பு. ஐநேச்சுரலிஸ்ட் என்பது 2008-இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களின் முதுகலைத் திட்டமாகத் தொடங்கிய தளம். அதில் ஆர்வலர்கள் ஏற்றிய உயிரினப் படங்களையும், மற்றவர்கள் சரிபார்த்துத் தந்த பெயர்களையும் வைத்துப் பயிற்சி பெற்றதுதான் சீக்கின் அடையாளம் காணும் திறன். சீக்கில் கணக்கு தொடங்க வேண்டியதில்லை, மின்னஞ்சல் கேட்காது, படம் போனிலேயே இருக்கும். ஐநேச்சுரலிஸ்டில் சேர 13 வயது ஆக வேண்டும், இல்லையேல் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். சிறுவர்கள் கையில் நம்பிக் கொடுக்கக்கூடியது சீக்தான்.

கேமராவைத் திறந்தால் திரையில் ஏழு புள்ளிகள் தெரியும். உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம். பள்ளியில் மனப்பாடம் செய்த அதே அடுக்குதான், இங்கே கண்ணெதிரே ஒவ்வொன்றாக நிரம்புகிறது. இந்தச் செயலியின் உயிரே இந்தப் புள்ளிகளில்தான் இருக்கிறது. ஒரு தட்டானை மேலிருந்து கேமராவில் பிடித்தால் பெரும்பாலும் நான்காவது புள்ளியில், 'வரிசை'யில் நின்றுவிடும். போனைத் தட்டான் உட்கார்ந்திருக்கும் உயரத்துக்கே இறக்கி, பக்கவாட்டில் மெல்ல நகர்த்துங்கள். மார்பின் கோடுகளும் கண்ணின் நிறமும் இறக்கையின் நுனியும் தெரியத் தெரியப் புள்ளிகள் ஏறும். ஐந்து, ஆறு, ஒரு கணம் ஏழு, மறுபடி ஆறு. அந்த ஏழாவது புள்ளிக்காகப் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு விரற்கடை நெருங்குவான். நிழல் மேலே விழுந்தால் பூச்சி பறந்துவிடும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

சில நடைமுறை விஷயங்கள். பூச்சியோ பூவோ திரையில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் பின்னால் இருக்கும் இலையைத்தான் செயலி பார்க்கும். பச்சைப் புழுவைக் காட்டினால் செடியின் பெயர் வருவது இதனால்தான். பின்னால் கையையோ வெள்ளைத் தாளையோ வைத்தால் சரியாகிவிடும். செடிக்கு இலை மட்டும் போதாது. பூ அல்லது காயைக் காட்டுங்கள், இலை தண்டில் சேரும் இடத்தையும் காட்டுங்கள். பெயர் வந்த உடனே பட்டனை அமுக்காமல், இரண்டு மூன்று விநாடி அதே பெயர் நிலைக்கிறதா என்று பாருங்கள். சிற்றினம் தெரிந்ததும் தானாகவே படம் எடுக்கும் வசதி செட்டிங்ஸில் இருக்கிறது. அதை அணைத்து வைப்பது நல்லது. இல்லையென்றால் ஒரு கணம் மின்னி மறையும் தவறான பெயரும் பட்டியலில் ஏறிவிடும்.

இணையம் இல்லாத இடத்திலும் கேமரா பெயர் சொல்லும். இனத்தைப் பற்றிய குறிப்பு, வரைபடம், 'அருகில் காணக்கூடியவை' பட்டியல் ஆகியவற்றுக்கு மட்டும் இணைப்பு வேண்டும். கேமராவும் கணிப்பும் சேர்ந்து ஓடுவதால் போன் சுடும், பேட்டரி மளமளவென இறங்கும். கூட்டமாகப் போகும்போது மூவருக்கு ஒரு போன் போதும். ஒருவர் போனைப் பிடிக்க, மற்ற இருவர் தேடட்டும். கொஞ்ச நேரம் கழித்து ஆளை மாற்றுங்கள். ஆளுக்கொரு போன் கொடுத்தால் எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் நடப்பார்கள்.

எங்கே சறுக்கும்? பாசி, புல், சிலந்தி, பூச்சிகளின் இளம்பருவம், காளான். இவற்றில் பலவற்றை நுண்ணோக்கி இல்லாமல் நிபுணராலேயே பிரிக்க முடியாது. செயலி குடும்பத்திலோ பேரினத்திலோ நின்றால் அது நேர்மை என்று எடுத்துக்கொள்ளலாம். சிக்கல் வேறு வகையானது. போதிய படங்கள் சேராத இனம் பயிற்சியிலேயே இருக்காது. அப்போது அதன் சாயலில் இருக்கும் வேறோர் இனத்தின் பெயரைத் தயங்காமல் சொல்லிவிடும். ஆர்வலர்கள் குறைவாக இருக்கும் பகுதிகளில் இந்தத் தவறு அதிகம். ஆகவே சீக் சொன்ன பெயரை நம்பிக் காளானையோ காட்டுக் கீரையையோ வாயில் வைப்பது விஷப்பரீட்சை. இதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

விளையாட்டு என்ற அளவில் சீக் மெலிந்ததுதான். பறவை, பூச்சி, தாவரம் என்று பிரிவுவாரியாகப் பேட்ஜ்கள், சில சவால்கள், அவ்வளவே. பேட்ஜ் எண்ணிக்கையைப் பார்ப்பதால், பதினைந்து நிமிடம் ஒரு வண்டைக் கவனித்தவனைவிட ஓடி ஓடிப் பத்து செடிகளைப் பிடித்தவனுக்கே லாபம். அதைவிடப் பெரிய குறை, ஒரு சிற்றினத்துக்கு ஒரே ஒரு பதிவுதான். மறுபடி அதே பட்டாம்பூச்சியைக் காட்டினால், இன்ன தேதியில் பார்த்துவிட்டாய் என்று சொல்லி அனுப்பிவிடும். அது எந்த மாதம் வந்தது, எந்தச் செடியில் முட்டையிட்டது என்று திரும்பத் திரும்பப் பார்ப்பதில்தான் இயற்கையோடு பழக்கம் உண்டாகிறது. சீக் அதற்கு ஒரு புள்ளிகூடத் தராது.

பிள்ளைகளுக்கு நினைவாற்றல் இல்லை என்று சொல்ல வழியில்லை. 2002-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வில், பிரிட்டனின் எட்டு வயதுப் பிள்ளைகள் போகிமான் படங்களில் முக்கால் பங்குக்கு மேல் சரியாகப் பெயர் சொன்னார்கள். உள்நாட்டுச் செடி, விலங்குகளில் பாதியளவே. சீக் அந்தத் திறமைக்கு நிஜமான தீனி போடுகிறது. ஆனால் பட்டியலில் எளிதாகக் கிடைப்பவை தீர்ந்ததும் ஆர்வம் வடியும். அதற்குள் அடுத்த படிக்கு நகர்த்திவிட வேண்டும்.

பறவைகளில் ஆர்வம் இருந்தால், பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின் செயலி. தூரத்துப் பறவையை போன் கேமராவால் பிடிக்க முடியாது. மெர்லினில் 2021-இல் வந்த ஒலி வசதி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். புறப்படும் முன்பே உங்கள் பகுதிக்கான தொகுப்பை இறக்கிக்கொண்டால் இணையமில்லாமலும் ஓடும். குரல் கேட்டதும் திரையைப் பார்ப்பதோடு நிற்காமல், பறவையைக் கண்ணால் கண்ட பிறகே பட்டியலில் சேர்ப்பது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள்.

13 வயதைத் தாண்டியவர்களுக்கு ஐநேச்சுரலிஸ்ட். ஒரே இனத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பதியலாம். தேதி, இடம், படம் அல்லது ஒலி இருந்து, பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சிற்றினத்தில் ஒத்துப்போனால் பதிவு 'ஆய்வுத் தரம்' பெறும். பேட்ஜைவிட இது ருசியான பரிசு, ஏனென்றால் முன்பின் தெரியாத ஒருவர் படத்தைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார். தொட்டிச் செடியையும் வளர்ப்பு நாயையும் ஏற்றினால் 'வளர்க்கப்பட்டது' என்று குறிக்க வேண்டும், அவை ஆய்வுத் தரத்துக்குப் போகாது. பதிவுகள் பொதுவில் தெரியும் என்பதால் வீட்டுத் தோட்டத்திலும் பள்ளியிலும் எடுத்தவற்றுக்கு இருப்பிடத்தை மறைத்து வைக்கவும்.

எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்கு, கூடவே ஒரு பெரியவர் இருந்தால், சீக்கைத் தயங்காமல் நிறுவலாம். போன் மாற்றும்போது மட்டும் கவனம்: பதிவுகள் அந்தப் போனில்தான் இருக்கின்றன, செயலியை நீக்கினால் பட்டியலும் பேட்ஜும் அதோடு போய்விடும்.